செயற்கை நுண்ணறிவு தனி ஆசானாக: புலம்பெயர் தமிழ்க் கற்பித்தலில் அதன் பயனும் எல்லையும்

முன்னுரை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அரச பாடசாலைச் சபைகள் நடத்தும் பன்னாட்டு மொழிகள் திட்டத்தின்கீழ் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கப்படுகிறது. இத்திட்டத்தில் ஒரு மொழிக்கு ஒதுக்கப்படும் நேரம் வாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம். பல வகுப்புகள் சனிக்கிழமைகளில் நடைபெறுகின்றன. 25 பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பொன்றில் இந்த 150 நிமிடங்களைச் சமமாகப் பங்கிட்டால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 6 நிமிடம். வரவுப் பதிவையும் இடைவேளையையும் கழித்தால் அதுவும் குறையும். எஞ்சிய ஆறு நாட்களிலும் அப்பிள்ளை வீட்டில் கேட்கும் தமிழ், பெரும்பாலும் பெற்றோர் தமக்குள் பேசிக்கொள்வதாகவே இருக்கிறது. பிள்ளை மறுமொழி சொல்வது ஆங்கிலத்தில்.

இந்த 6 நிமிடத்தை நீட்டித்துத் தரக்கூடிய கருவி ஒன்று வந்துவிட்டது என்ற நம்பிக்கை, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதன் பின்னர் புலம்பெயர் தமிழ் ஆசிரியர்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. கேட்டவுடன் தமிழில் மறுமொழி தரும், சலிப்படையாத, இரவு பத்து மணிக்கும் விழித்திருக்கும் ஆசான் ஒருவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் தந்துவிடலாம் என்பது அந்த நம்பிக்கை. அது முற்றிலும் பொய்யன்று. எனினும் அப்பொறியை உள்ளபடியே பிள்ளையின் கையில் கொடுப்பதற்கும், ஆசிரியர் ஒருவர் அதற்கு வேலையைக் குறித்துக் கொடுத்துப் பயன்படுத்துவதற்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது. அத்தொலைவை விளக்குவதும், அதனைக் கடப்பதற்குத் தமிழாசிரியர் மட்டுமே செய்யக்கூடிய பணி எது என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனிக் கற்பித்தலின் ஆற்றல்

தனி ஆசான் பற்றிய இன்றைய பேச்சுகள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் 1984ஆம் ஆண்டில் பெஞ்சமின் புளூம் வெளியிட்ட ஒரு கட்டுரையைத் தொட்டே செல்கின்றன. ஒருவருக்கு ஒருவராக அமர்ந்து கற்பிக்கப்பட்ட மாணவரின் சராசரி அடைவு, வழமையான வகுப்பில் பயின்றோரின் சராசரியைவிட இரண்டு நியம விலகல் (திட்ட விலக்கம் எனவும் வழங்குவர்) உயர்ந்திருந்தது என்றார் அவர். எளிய சொற்களில் கூறுவதானால், நடுத்தர மாணவர் ஒருவர் வகுப்பின் 98 விழுக்காட்டினரை முந்திவிடுகிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆசிரியரை அமர்த்த எந்தச் சமூகத்தாலும் இயலாது. ஆகவே அதே பயனைக் குறைந்த செலவில் எவ்வாறு பெறுவது என்பதே புளூம் முன்வைத்த வினா.

அந்த எண்ணைப் பலர் அப்படியே எடுத்துரைக்கின்றனர். அது சற்றே மிகைப்பட்டது. புளூம் எடுத்துக்காட்டிய ஆய்வுகளில் தனிக் கற்பித்தல் பெற்றோர், ஒரு பகுதியில் தேர்ச்சி பெற்ற பின்னரே அடுத்த பகுதிக்குச் செல்ல விடப்பட்டனர். எனவே உயர்வு முழுவதையும் ஆசானின் அருகிருப்புக்கே உரியதாக்க முடியாது. கர்ட் வான்லேன் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, மனித ஆசானின் பயன் 0.79 நியம விலகல் எனவும், படிப்படியாக வழிகாட்டும் கணினி ஆசானின் பயன் 0.76 எனவும் கண்டார். இவ்விரண்டாம் எண்ணே நம் கவனத்துக்குரியது. உரையாடும் செயற்கை நுண்ணறிவு தோன்றுவதற்கு நெடுநாள் முன்னரே, கணக்கின் ஒவ்வொரு படியிலும் மாணவரை நிறுத்தி வினவும் கணினி நிரல்கள் மனித ஆசானை நெருங்கிவிட்டிருந்தன. இல்லினோய்ப் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கிய பிளேட்டோ முறைமையிலிருந்து இந்த வழி நீண்டு வருகிறது. அந்நிரல்கள் பேச்சில் வல்லவை அல்ல. மாணவர் எங்கே வழுக்குவார் என்பதை அவற்றை அமைத்தோர் முன்கூட்டியே அறிந்திருந்தனர் என்பதே அவற்றின் வலிமை.

விடை தரும் பொறியும் வினாத் தொடுக்கும் பொறியும்

இன்றைய மொழி மாதிரிகளின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அவை பேச்சில் வல்லவை. மாணவரைப் பற்றி ஒன்றும் அறியாதவை. கேட்டவருக்கு விடையளித்து மகிழ்விப்பதே அவை பழக்கப்பட்ட முறை. ஆசானின் கடமையோ பல வேளைகளில் விடையைச் சொல்லாதிருத்தல்.

இவ்வேறுபாட்டின் விளைவை அளந்து காட்டிய ஆய்வொன்று துருக்கியின் உயர்நிலைப் பாடசாலை ஒன்றில் நடத்தப்பட்டது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய அவ்வாய்வு 2024இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஆயிரம் மாணவர் கணிதப் பயிற்சியில் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழமைபோலப் பாடநூலும் குறிப்புகளும் மட்டும் கொண்டு பயின்றனர். இன்னொரு பிரிவினருக்குச் சாதாரண உரையாடு பொறி தரப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்குத் தரப்பட்டதும் அதே பொறிதான். ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் உரிய சரியான விடை, மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழைகள், அவற்றுக்குக் கொடுக்க வேண்டிய குறிப்புகள் ஆகியவற்றை ஆசிரியர்கள் எழுதி அதனுள் இட்டிருந்தனர். விடையை நேரடியாகச் சொல்லாதே எனவும் பணித்திருந்தனர். பயிற்சியின்போது இரண்டாம் பிரிவினரின் மதிப்பெண் 48 விழுக்காடும் மூன்றாம் பிரிவினரின் மதிப்பெண் 127 விழுக்காடும் உயர்ந்தன. பின்னர் பொறியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, சாதாரணப் பொறியுடன் பயின்றோர் பொறியே இல்லாது பயின்றோரைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். மூன்றாம் பிரிவில் அவ்வீழ்ச்சி பெரிதும் தவிர்க்கப்பட்டது. ஆயினும் பொறியின்றிப் பயின்றோரை அவர்கள் விஞ்சவில்லை.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்ற 194 மாணவரிடம் நடத்தப்பட்டு 2025இல் வெளியான ஆய்வு மகிழ்ச்சி தரும் முடிவைக் கொண்டது. அங்கே செயற்கை நுண்ணறிவு ஆசானிடம் பயின்றோர், சிறந்த முறையில் நடத்தப்பட்ட வகுப்பில் பயின்றோரைவிட இரு மடங்குக்கு மேல் கற்றனர். செலவிட்ட நேரமும் குறைவு. அந்த ஆசானின் உள்ளேயும் பாட ஆசிரியர்கள் எழுதிய படிமுறை விளக்கங்கள் இடப்பட்டிருந்தன. ஒரு வேளையில் ஒரு படி மட்டுமே செல்லுமாறு அது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது.

இரண்டு ஆய்வுகளையும் ஒருசேர நோக்கினால் பொறியின் பெயரோ அதன் விலையோ முடிவைத் தீர்மானிக்கவில்லை என்பது தெளிவாகும். ஆசிரியர் எழுதிக் கொடுத்த பிழைப் பட்டியலும் குறிப்புகளுமே அதனை ஆசானாக்கின. கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் அப்பட்டியலை ஆக்குவோர் உலகெங்கும் உள்ளனர். ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ பாரிசிலோ வளரும் பிள்ளை தமிழில் செய்யும் பிழைகளுக்கு அதை ஆக்கப்போவது யார்?

அப்பிழைகள் எத்தகையவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆங்கிலம் முதன்மை மொழியாகிவிட்ட பிள்ளை, ‘நான் பசிக்கிறேன்’ என்று சொல்லும். ‘நான் தமிழ் தெரியும்’ என்பதும் அதே வகை. நான்காம் வேற்றுமை ஏற்ற பெயர் வாக்கியத்தின் தலைப்பில் நிற்கும் தமிழமைப்பு ஆங்கிலத்தில் இல்லாமையே காரணம். சாதாரணப் பொறியிடம் இதைக் கொடுத்தால், ‘எனக்குப் பசிக்கிறது என்பதே சரி’ என்று திருத்தி, கூடவே வேற்றுமை பற்றி அரைப் பக்கம் விளக்கமும் தந்துவிடும். பிள்ளை அவ்விளக்கத்தைப் படிக்காது, படித்தாலும் விளங்காது. அடுத்த வாரம் ‘நான் காய்ச்சல்’ என்று எழுதும். ஆசானாகப் பணிக்கப்பட்ட பொறியோ இவ்வாறு வினவும்:

‘பசியை நீங்கள் செய்கிறீர்களா, அல்லது அது உங்களுக்கு வருகிறதா? வீட்டில் அம்மா, “உனக்குக் குளிருதா?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? அதைப் போலவே பசியையும் சொல்லிப் பாருங்கள்.’

வீட்டில் கேட்டுப் பழகிய ‘எனக்குக் குளிருது’ பிள்ளையின் நாவில் ஏற்கெனவே உள்ளது. அங்கிருந்து தொடங்குவதே மரபுவழி மொழியாகத் தமிழைப் பெற்ற பிள்ளைக்கும் தமிழை முற்றிலும் புதிதாகக் கற்கும் அயலாருக்கும் உள்ள வேறுபாடு. இவ்வினாவைப் பொறி தானாக எழுப்பாது. எழுப்புமாறு ஒருவர் அதற்குச் சொல்ல வேண்டும்.

பொறி அறியாத தமிழ்

இனி வருவது இக்கட்டுரையின் மிக முதன்மையான செய்தி. தமிழ் இரட்டை வழக்குடைய மொழி. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் சொல்லமைப்பிலேயே வேறுபடுகின்றன. பேச்சு வழக்கோ ஒன்றன்று. மொழி மாதிரிகளுக்குப் பயிற்சியளிக்கப் பயன்படும் இணைய உரைத்திரளில் தமிழின் பங்கு ஒரு விழுக்காட்டிலும் மிகக் குறைவு. அச்சிறு பங்கிலும் செய்தி நடையும் திரைச்செய்தி நடையும் மிகுதி. அவற்றுள்ளும் தமிழ்நாட்டு வழக்கே முந்தி நிற்பது எண்ணிக்கையின் விளைவு, யாருடைய குற்றமுமன்று. கனடாவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தினர். அவர்கள் வீட்டில் கேட்கும் தமிழைப் பொறி மிகக் குறைவாகவே கண்டிருக்கிறது.

இதன் விளைவை வகுப்பில் நேரடியாகக் காணலாம். பிள்ளை ஒன்று, ‘நேற்று அம்மம்மா வீட்ட போனனான். அம்மம்மா எனக்குப் புட்டு தந்தவ’ என்று சொல்லியது. அவ்வளவு நீளமான தமிழ் வாக்கியத்தை அப்பிள்ளை வகுப்பில் சொன்னது அதுவே முதன்முறை. அன்று பயன்படுத்திய பொறி, ‘போனனான்’ என்பது பிழை, ‘போனேன்’ என்க. ‘தந்தவ’ முற்றுப்பெறாத சொல், ‘தந்தாள்’ என்க எனத் திருத்தியது. யாழ்ப்பாண வழக்கில் ‘வந்தவர்’, ‘தந்தவ’, ‘போனனான்’ ஆகியன வினைமுற்றாகவே நிற்பவை. வினையாலணையும் பெயர் வடிவம் பயனிலையாகும் அமைப்பு அது. ‘தந்தவ’ என்பதில் அம்மம்மாவுக்குரிய மரியாதையும் உண்டு. ‘தந்தாள்’ என்று பொறி திருத்தியபோது அந்த மரியாதை போயிற்று. தன் அம்மம்மாவை எந்தப் பிள்ளையும் ‘தந்தாள்’ என்று சொல்லத் துணியாது. பிள்ளை எதுவும் பேசாமல் ஆங்கிலத்துக்கு மாறியது.

சுட்டுச் சொற்களிலும் இதே நிலை. தொல்காப்பியம் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டென வகுத்தது. அவற்றுள் உகரச் சுட்டு இன்றைய தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கிழந்தது. யாழ்ப்பாணப் பேச்சில் ‘உது’, ‘உவன்’, ‘உங்க’ என இன்றும் வாழ்கிறது. கேட்போன் அருகில் உள்ளதை உகரத்தால் சுட்டும் பிள்ளை, ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள இலக்கணத்தை அறியாமலே கையாள்கிறது. அதனை எழுத்துப் பிழையெனக் கருதி ‘இது’ என மாற்றும் பொறியை ஆசான் என்று அழைப்பது எங்ஙனம்?

எனினும் பிள்ளையின் ஒவ்வொரு பிறழ்ச்சியையும் வட்டார வழக்கென ஏற்றுவிடவும் முடியாது. ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாட்டை எடுத்துக்கொள்வோம். முன்னிலையாரை உளப்படுத்துவதையும் விலக்குவதையும் ஆங்கிலத்தின் ஒரே சொல் குறிப்பதால் பிள்ளை இவ்வேறுபாட்டை இழந்திருக்கலாம். யாழ்ப்பாணப் பேச்சிலும் இரண்டிடத்தும் ‘நாங்கள்’ வருவதுண்டு. ஆகையால் அது வீட்டு வழக்காகவும் இருக்கலாம். அதற்கு மாறாக ‘அம்மா இருக்கிறா டொக்டர்’ என்பது ஐயத்துக்கிடமின்றி ஆங்கில வாக்கியத்தின் நிழல். எது வழக்கு, எது வழு என்று பிரித்தறிவது பிள்ளையின் வீட்டையும் ஊரையும் அறிந்த ஆசிரியருக்கே இயலும். அறிந்ததை அவர் எழுதிக் கொடுத்தால் பொறி பெருமளவு பின்பற்றுகிறது என்பதும் கண்ட உண்மை. ‘இப்பிள்ளை யாழ்ப்பாண வழக்கில் பேசும், பேசியதன் பொருளுக்கு முதலில் மறுமொழி சொல், பேச்சுப் பயிற்சியில் வழக்கைத் திருத்தாதே, எழுத்துப் பயிற்சியில் மட்டும், இதை எழுதும்போது எப்படி எழுதுவோம் என்று பிள்ளையையே கேள்’ என்னும் நான்கு வரி அறிவுறுத்தலே போதும், உரையாடலின் போக்கு மாறிவிடுகிறது. நீண்ட உரையாடலில் பொறி இதனை மறந்து பழைய வழிக்குத் திரும்புவதும் உண்டு. அப்போது மீண்டும் நினைவூட்ட வேண்டியுள்ளது.

சிங்கப்பூர்க் கல்வித்துறை, 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மீளாய்வைத் தொடர்ந்து, வகுப்பறையில் தரமான பேச்சுத் தமிழுக்கு இடமளித்தது. இந்நூலின் வாசகர் பலரும் இதனை அறிவர். புலம்பெயர் நாடுகளில் அத்தகைய பொது முடிவெடுக்கும் அமைப்பு எதுவும் இல்லை. முடிவெடுக்காமல் விட்டால், எந்தத் தமிழ் சரியான தமிழ் என்பதை நம் பிள்ளைகளுக்கு உரைத்திரளின் எண்ணிக்கை முடிவெடுத்துக் கொடுத்துவிடும்.

எழுத்தைக் காணாத பொறி

பொறியின் உள்ளமைப்புப் பற்றிய ஒரு செய்தியையும் ஆசிரியர் அறிந்திருத்தல் நன்று. மொழி மாதிரிகள் நாம் காண்பதுபோல் எழுத்துகளைக் காண்பதில்லை. உரையை டோக்கன் எனப்படும் துணுக்குகளாக வெட்டி, அத்துணுக்குகளுக்குரிய எண்களையே கையாள்கின்றன. ஆங்கில எழுத்தொன்று கணினியில் ஒரு பைட் இடம் கொள்ளும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘கொ’ என்னும் ஓரெழுத்து, ‘க’ என்பதும் ஒகரக் குறியும் சேர்ந்து ஆறு பைட். ஆங்கிலத்தை முன்வைத்து அமைக்கப்பட்ட பழைய வெட்டும் முறைகள் தமிழ்ச் சொல்லைச் சிதறடித்தன. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதத்தில் புதிய முறையை அறிவித்தபோது, எடுத்துக்காட்டாகத் தந்த தமிழ்ப் பகுதி 116 துணுக்கிலிருந்து 35ஆகக் குறைந்ததெனக் காட்டியது. அதே பகுதியின் ஆங்கில வடிவம் 27இலிருந்து 24ஆயிற்று. இடைவெளி சுருங்கியிருப்பது உண்மை. விரைவும் செலவும் நமக்குச் சாதகமாகியுள்ளன.

ஆனால் துணுக்கு எழுத்தாகாது. ஆகவே எழுத்தெண்ணுதல், சொல்லை மாத்திரை கணித்தல், செய்யுளை நேரசை நிரையசை எனப் பிரித்தல் ஆகிய பணிகளில் இப்பொறிகள் தடுமாறுகின்றன. அலகிடுதலின் விதிகளை அழகாக விளக்கிவிட்டு, அடுத்த வரியிலேயே அவ்விதிக்கு மாறாக அசை பிரிப்பதைக் காணலாம். தவறென்று சுட்டினால் பணிவுடன் ஒப்புக்கொண்டு இன்னொரு தவறான விடையைத் தரும். யாப்புக்கு அவலோகிதம் போன்ற விதிவழி மென்பொருள்கள் நம்மிடம் உள்ளன. அவை உரையாடத் தெரியாதவை, ஆயினும் எழுத்தைப் பார்ப்பவை. உயர் வகுப்பு மாணவருக்கு யாப்புக் கற்பிப்போர் இரண்டையும் இணைத்துப் பயன்படுத்துவதே தக்கது.

பேச்சுணர்தலைப் பற்றி விரிவாகக் கூற இங்கு இடமில்லை. பெரியோர் குரலைவிடச் சிறார் குரலை உணர்வதில் இத்தொழில்நுட்பம் பின்தங்கியுள்ளது. ஆங்கில ஒலிச்சாயல் படிந்த தமிழாயின் மேலும் பின்தங்கும். லகர, ளகர, ழகரப் பயிற்சியை இப்போதைக்கு மனிதச் செவிக்கே விட்டுவைப்பது நல்லது.

நன்னூலின் கால் கணக்கு

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் ஆசிரியர் ஆகாதவருக்கு நான்கு உவமை தருகிறார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. கழற்காயை இட்ட குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையில் அன்றி ஒருங்கே கொட்டும். உரையாடு பொறியை முதன்முதலில் கண்டபோது நினைவுக்கு வந்தது இவ்வுவமையே. ஒரு சொல் கேட்டால் ஒன்பது செய்தி கொட்டுகிறது. மாணாக்கருக்கு அவர் சொன்ன உவமைகளுள் கிளியும் ஒன்று. அதையும் இப்பொறிக்குப் பொருத்திப் பார்ப்போர் உளர். பெற்றதையன்றிப் பிறிது சொல்லாதது கிளி. பொறியோ பெறாததையும் உறுதியுடன் சொல்லும். ஆதலால் கிளியுவமை அதற்குப் புகழ்ச்சியாகவே முடியும்.

நமக்கு இங்கே பயன்படுவது பாடம் கேட்டல் பற்றி அவர் தரும் கணக்கு. ஆசான் சொன்னதைக் குறைவறக் கேட்டுக்கொண்டாலும் மாணவன் பெறுவது புலமையில் கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் வருவது. செயற்கை நுண்ணறிவைத் தனி ஆசானாக எண்ணுவோர் பெரும்பாலும் முதற்காலைப் பற்றியே சிந்திக்கின்றனர். விளக்கம் நம்மிடம் ஒருபோதும் அருகியிருக்கவில்லை. நூல்கள் உள்ளன, காணொளிகள் உள்ளன. அருகியிருப்பது எடுத்துரைக்கும் வாய்ப்பு. நியூயோர்க்கிலோ சூரிச்சிலோ வளரும் பிள்ளை தான் அறிந்த தமிழை யாரிடம் எடுத்துரைக்கும்?

இவ்விடத்திலேதான் பொறி வேறெந்தக் கருவியும் தராத ஒன்றைத் தருகிறது. அதனை ஆசானாக அன்றி மாணாக்கனாக அமர்த்தலாம். ‘நீ தமிழ் படிக்கத் தொடங்கிய எட்டு வயதுப் பிள்ளை. உனக்கு நான்காம் வேற்றுமை தெரியாது. பயனர் உனக்குச் சொல்லித் தருவார். அவ்வப்போது பிழை விட்டு, ஏன் என்று கேள்’ எனப் பணித்தால் அது அப்படியே நடிக்கிறது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பெற்றியின் மூளை’ என்னும் நிரல், மாணவர் கணினிப் பாத்திரம் ஒன்றுக்கு அறிவியல் கற்பிப்பதன் வழியாகத் தாம் கற்கும் முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறைப்படுத்தியது. தமிழில் இதனைச் செய்ய இன்று தனி நிரல் தேவையில்லை; மேற்கண்ட சில வரிகள் போதும். திருத்தப்படும்போது வாய் மூடிக்கொள்ளும் பிள்ளை, திருத்தும் இடத்தில் அமர்ந்தவுடன் பேசத் தொடங்குகிறது. பொறி ‘நான் பசிக்கிறேன்’ என்று எழுதியதும், ‘இல்லை, இல்லை, எனக்கு என்று சொல்ல வேணும்’ என்று உரக்கச் சொன்ன பிள்ளையின் குரலில் இருந்த உறுதியை எந்தப் பயிற்சித் தாளும் வரவழைத்ததில்லை.

இப்பயிற்சியின்போது பிள்ளைகள் ஓர் இலக்கண ஐயத்தையும் எழுப்பினர். பொறியை ‘அவர்’ என்பதா, ‘அது’ என்பதா? ஆங்கிலம் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இடம் தருகிறது. தமிழின் வினைமுற்று இடம் தருவதில்லை. ‘சொன்னார்’ என்றோ ‘சொன்னது’ என்றோ முடித்தே ஆக வேண்டும். அஃறிணை என்பதே என் துணிபு. பிள்ளைகள் நம்பக்கூடிய, அஞ்சக்கூடிய, அன்பு செலுத்தக்கூடிய ஆள் அதனுள் இல்லை என்பதை நாள்தோறும் நினைவூட்டும் எளிய கருவியாக நம் திணைப் பாகுபாடு அமைகிறது. சிலர் இதற்கு உடன்படாமற் போகலாம்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

உரையாடு பொறிகளின் பயன்பாட்டு விதிகளில் வயது வரம்பு உண்டு. சாட்ஜிபிடியைப் பொறுத்தவரை 13 வயதுக்குட்பட்டோர் பயன்படுத்தலாகாது. 18 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் இசைவு வேண்டும். வார இறுதித் தமிழ் வகுப்புகளில் அமர்ந்திருப்போரில் பலர் 13 வயதை எட்டாதவர்கள். ஆகவே தொடக்க வகுப்புகளில் ஆசிரியரே பொறியை இயக்கித் திரையில் காட்டி, வகுப்பு முழுவதும் அதற்குக் கற்பிப்பதாக அமைப்பதே முறை. இது விதிக்கு மட்டுமன்றி நன்னூலின் இரண்டாம் காலுக்கும் ஏற்றது. வீட்டில் எனில், பெற்றோர் அருகிருந்து இயக்க வேண்டும். அருகிருக்கும் பெற்றோர் தம் பிள்ளையோடு தமிழில் பேசத் தொடங்கிவிட்டால் பொறியை அணைத்துவிடலாம். அதற்கு மேல் அதற்கு அங்கே வேலையில்லை.

மூத்த மாணவர் கட்டுரை எழுதும் இடத்தில் வேறொரு கவனம் வேண்டும். முழுக் கட்டுரையையும் பொறி எழுதித் தரும் காலத்தில் வீட்டுப்பாடமாகக் கட்டுரை கொடுப்பதில் பொருளில்லை. வகுப்பில் கையால் எழுதுவித்து, எழுதியதைப் பற்றி மட்டும் வீட்டில் பொறியோடு உரையாடச் செய்து, அவ்வுரையாடலைச் சனிக்கிழமை கொண்டுவரச் செய்வது ஒரு வழி. உரையாடலைப் படிப்பதால் பிள்ளை எங்கே தடுமாறியது, எங்கே பொறி தடுமாறியது என்ற இரண்டும் ஆசிரியருக்குத் தெரியவரும். முன்பு திருத்திய தாளில் இரண்டாவதற்கு இடமேயில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிழைப் பட்டியல். ஒவ்வொரு நாட்டிலும் தமிழாசிரியர்கள் பல்லாண்டுகளாகத் திருத்திய தாள்கள் பெட்டிகளில் கிடக்கின்றன. ஜெர்மன் பேசி வளரும் பிள்ளையின் பிழை வேறு; பிரெஞ்சு பேசி வளரும் பிள்ளையின் பிழை வேறு; நோர்வேஜிய மொழி பேசும் பிள்ளையின் பிழை வேறு. பெயரையும் அடையாளத்தையும் நீக்கி, பிள்ளை எழுதிய வாக்கியம், ஆசிரியர் எதிர்பார்த்த வாக்கியம், வீட்டு வழக்கு எது, பிழையின் தோற்றுவாய் எதுவெனக் கருதுகிறார், எந்த வினா அப்பிள்ளையைச் சரியான வடிவத்துக்கு இட்டுச் சென்றது ஆகிய ஐந்தையும் ஒரு நிரலில் பதிவு செய்தால், அது எந்தப் பொறிக்கும் கொடுக்கத்தக்க அறிவுறுத்தலாகும். இன்றைய பொறி மறைந்து நாளை வேறொன்று வந்தாலும் பயன்படும். இதற்கு நிதியுதவியும் நிரலாளரும் தேவையில்லை. சாதாரண அட்டவணைக் கோப்பு ஒன்றும், ஆசிரியர் தம் பெட்டியைத் திறக்கும் மனமும் போதும். ரொறன்ரோவில் சில ஆசிரியர்கள் சேர்ந்து இவ்வாறு தொகுக்கத் தொடங்கியுள்ளோம். யாழ்ப்பாண வழக்குப் பேசும் பிள்ளைகளின் வாக்கியங்களே இதுவரை மிகுதி. மட்டக்களப்பு, மலையகம், மதுரை, கோவை ஆகிய வழக்குகளைப் பேசும் வீட்டுப் பிள்ளைகளின் தாள்கள் இன்னும் வேண்டும்.